நல்லான்குளத்து ஊசிவால் வாத்துகள்

கார்த்திகை பிறந்த மறுநாளே ரஹ்மத்திடமிருந்து போன் வந்துவிட்டது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பேப்பரில் இப்போது மாவட்டச் செய்திகளைக் கவனிக்கிற பெண். மேலப்பாளையத்துக்காரி. பேச்சில் சுற்றி வளைப்பதே கிடையாது.

"சார், வாட்ஸ்அப்ல ஒரு படம் சுத்துது. நம்ம ஆத்துப் பாலத்துக்குக் கீழ பூநாரை கூட்டமா நிக்கி. அவ்வளவு அழகா இருக்கு. நம்பலாமா சார்?"

"எல்லாத்துக்கும் கால் எத்தனைன்னு பாத்தியாம்மா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். முன்னால் நின்ற பூநாரைக்கு மூன்று கால். கம்ப்யூட்டரிடம் சொல்லி யாரோ வரைந்து வாங்கிய படம். தாமிரபரணியில் பூநாரை நின்றால் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் இரண்டு காலில் நிற்க வேண்டும்.

"உங்க காலத்துல பறவைச் செய்தியெல்லாம் எப்படி சார் சரிபார்ப்பீங்க? எழுதித் தாங்களேன், ஆபீஸ்ல எல்லாரும் படிப்போம்" என்றாள். 'உங்க காலம்' என்றது லேசாகச் சுட்டது. நான் இன்னும் காலையில் வேகமாக நடக்கிறவன். இருந்தாலும் கேட்டதற்காக எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு நினைவு வருவதெல்லாம் ஒரு மனிதரும் ஒரு குளமும்தான்.

பிழை திருத்துகிறவனாகச் சேர்ந்து, பிறகு நிருபரானவன் நான். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, கவரில் போட்டு, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய காலம் போய், பேக்ஸ் வந்து, அதுவும் போய் மெயில் வந்தது. இதையெல்லாம் என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

பேப்பருக்கு வருஷா வருஷம் தவறாமல் வரும் செய்திகள் சில உண்டு. ஆனி ஆடியில் குற்றாலத்தில் சாரல், தீபாவளிக்கு முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் கூட்டம். ஐப்பசி மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்ததும் 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை'. போன வருஷத்துச் செய்தியை எடுத்துக் குளத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிற நிருபர்கள் எங்கள் மாவட்டத்தில் தாராளமாக இருந்தார்கள். இன்னொரு பேப்பர் நண்பர் ஒரே கூழைக்கடாவின் படத்தை வருஷக்கணக்கில் ஓட்டினார். அந்தக் கூழைக்கடாவுக்கு வயதே ஆகவில்லை.

எங்கள் பேப்பரில் இது நடக்காது. காரணம், செய்தி ஆசிரியர் குற்றாலலிங்கம். எல்லாருக்கும் லிங்கம் சார். என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான். ஆனால் அவர் முன்னால் போய் நின்றால் பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்தி படித்து நான் பார்த்ததில்லை. தாளைக் கையில் எடுத்து, சட்டைப்பையிலிருந்து பொரிகடலையை இரண்டிரண்டாக வாயில் போட்டுக்கொண்டு, வண்ணார்பேட்டை ஆபீஸின் நீளத்துக்கும் நடந்தபடியே உரக்கப் படிப்பார். நடை நிற்காமல் கடைசி வரி வரை போய்விட்டால் பிழைத்தோம். எங்காவது நடை நின்றால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். நின்ற இடத்திலிருந்தே கேட்பார்: "எங்கன? எப்ப? நீரு பாத்தீரா?"

இந்த மூன்று கேள்விதான். அமைச்சர் பேச்சானாலும் ஆடு திருட்டானாலும் மூன்றும் உண்டு. மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும்.

என் முதல் பறவைச் செய்தியில் முதல் வரியிலேயே நடை நின்றுவிட்டது. 'கூந்தன்குளத்தில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன' என்று எழுதியிருந்தேன்.

"வெளிநாட்டுப் பறவைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீரு? பாஸ்போர்ட்டைப் பாத்தீரா?"

"இல்ல சார்."

"ஆயிரக்கணக்குன்னா, எண்ணினீரா?"

"அங்க உள்ள டீக்கடைக்காரரு போன்ல சொன்னாரு சார்."

"அப்ப அவருக்கே சம்பளத்தைக் கொடுத்திருவோமாவே?"

மறுநாள் விடியற்காலை கூந்தன்குளம் கரையில் நின்றேன். கோபத்தோடுதான் போனேன். திரும்பி வரும்போது கோபத்தைக் காணவில்லை. நான் வெளிநாட்டில் பிறக்க வைத்த மஞ்சள் மூக்கு நாரை நம்மூர்ப் பறவை. கூழைக்கடாவும் அப்படியே. உண்மையிலேயே இமயமலையைத் தாண்டி வந்தவை தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு ஒதுங்கி நின்று அமைதியாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. நான் அவற்றை முதலில் யார் வீட்டு வாத்தோ என்று நினைத்தேன். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம். இன்றுவரை தெளியவில்லை.

லிங்கம் சார் அதற்குப் பிறகு மாவட்டப் பக்கத்தின் அடியில் எனக்கு ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கினார். தலைப்பும் அவர் வைத்ததுதான்: 'வந்தவர்கள்'. ஐப்பசியிலிருந்து தை வரை தினமும் இரண்டு மூன்று வரி. ஆபீஸ் வாசலில் வாலாட்டிக் குருவி வந்துவிட்டது, நயினார்குளத்தில் நாமக்கோழி நிற்கிறது, சேரன்மகாதேவி வயலில் தகைவிலான் கம்பி நிறைய உட்கார்ந்திருக்கிறது என்று இப்படி. வாசகர்களும் எழுதுவார்கள். தானே பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, மலை இறங்கும் பஸ் டிரைவரிடம் துண்டுச் சீட்டுக் கொடுத்தனுப்புவார்: 'இன்று இருவாச்சி ரோட்டைக் கடந்தது. நானும் பார்த்தேன், டிரைவரும் பார்த்தார்.' தோட்டத்தை மூடியதும் அந்த அம்மாவும் மலையை விட்டு இறங்கி இப்போது எங்கேயோ வாடகை வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. அந்தச் சீட்டுகளை நினைத்தால் மனசு கொஞ்சம் கனக்கிறது.

சரி, நல்லான்குளத்துக்கு வருகிறேன்.

ராதாபுரம் பக்கம் பனையும் உடைமுள்ளும் காய்ந்த தரையும்தான். அங்கே நல்லான்குளம் பெயருக்குத்தான் குளம். பல வருஷமாகப் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்ததில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. இடுப்பளவு, முழங்காலளவு என்று பரந்து கிடந்த தண்ணீர். கோரையும் பாசியும் முளைத்துவிட்டன. வாத்து மேய்க்கிற மாடசாமியும் அவன் மனைவி இசக்கியம்மாளும் சங்கரன்கோவில் பக்கமிருந்து தங்கள் வாத்துகளை ஓட்டிவந்து கரையடியில் வலைப்பட்டி போட்டார்கள். யாரும் கூப்பிடாமலே காட்டு வாத்துகளும் வந்து இறங்கின.

அந்தச் சமயம் பார்த்துக் கேரளத்தில் பறவைக் காய்ச்சல். எல்லையில் கோழி வண்டிகளை மறித்துச் சோதனை செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள். அங்கே வாத்துகளைக் குழி தோண்டிப் புதைத்த படம் எங்கள் பேப்பரிலும் வந்தது. ஜனங்கள் காக்கா தும்மினால்கூடத் தள்ளி நின்றார்கள்.

ஒரு முகூர்த்த நாளில் லிங்கம் சார் உறவுக்காரர் கல்யாணத்துக்காக ராதாபுரம் போனார். முற்பகலில் கல்யாண மண்டபத்திலிருந்து எனக்குப் போன். பின்னால் மேளச் சத்தம்.

"வே பரமசிவம், நல்லான்குளத்துல வாத்து செத்து மிதக்கு. பாதி செத்துக் கெடக்கு, மீதி அதுக நடுவுல நீந்துது. காய்ச்சல் நம்ம ஊருக்கு வந்துட்டுவே."

"யாரு சார் சொன்னா?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். பஸ்ஸுல வரும்போது என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவரே பார்த்தேன் என்று சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது? முதல் பக்கத்தில் இடம் வைக்கச் சொல்லிவிட்டாராம். நான் போய்ப் படம் எடுக்க வேண்டும், கால்நடைத் துறையில் ஒரு வார்த்தை வாங்க வேண்டும், சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். ஸ்கூட்டரை எடுத்தேன். கேமராவோடு என் பைனாகுலரையும் போட்டுக்கொண்டேன். மேலப்பாளையத்தில் முட்டை மொத்த வியாபாரம் செய்யும் காதர் பாயின் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது அது. பாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று எனக்குக் கொடுத்துவிட்டார்.

நான்குநேரி தாண்டும்போது அந்தக் காதர் பாயே கூப்பிட்டார். "பரமசிவண்ணே, நல்லான்குளத்துல நிக்க மாடசாமிகிட்டதான் நான் வாத்து முட்டை எடுக்கேன். அங்கன நோய் வந்துட்டுன்னு கல்யாண வீட்டுலருந்தே போன் மேல போன் போடுதாங்க. உங்க பேப்பர்லயும் வரப்போவுதாமே? நாளைக்கு அப்படி வந்துட்டுன்னா அந்த மனுசன் கதி என்னண்ணே? அல்லாதான் காப்பாத்தணும்."

விஷயம் இதுதான். லிங்கம் சார் பந்தியில் உட்கார்ந்து தான் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் கணீரென்ற குரல். சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் பந்தி முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து இலையில் இருந்தவர் நல்லான்குளம் பஞ்சாயத்துத் தலைவர். பாயசத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து போய்விட்டாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கரை நெடுக ஜனம். எல்லாரும் துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். தலைவர் கையில் தீபாவளிக்கு விற்காமல் மிஞ்சிய வெடிகள் ஒரு பை நிறைய. பொழுது சாயும்போது வெடி போட்டுக் குளத்துப் பறவைகளை எல்லாம் விரட்டிவிடுவது, அதற்குள் மாடசாமி தன் வாத்துகளோடு ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். ஊர் கூடி இப்படி முடிவு செய்திருந்தது. எங்கே போவது? பக்கத்து ஊர்க்காரர்கள் அதற்குள் போன் செய்து, இங்கே கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதிகாரிகள் வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பேப்பரில் எல்லாரும் படித்திருந்தார்கள்.

வலைப்பட்டிக்குள் வாத்துகள் ஒன்றையொன்று நெருக்கியடித்துக் கத்திக்கொண்டிருந்தன. மாடசாமி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கண்ணைப் பார்ப்பதும் அலகைப் பார்ப்பதுமாக இருந்தான். இசக்கியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, எங்க வாத்துக்கு ஒண்ணும் இல்ல. காலைலகூட முட்டை விட்டிருக்கு. காய்ச்சல் கண்டது முட்டை விடுமா? நீங்களே சொல்லுங்க. கேரளாவுல குழியில போட்டு மூடுனாகளே, அப்படி எங்களுதையும் மூடிருவாகளோ? குஞ்சுலருந்து வளத்ததுக அண்ணாச்சி."

நாளைக்கு முதல் பக்கத்தில் வரப்போகிற செய்தியை எழுதப் போகிறவன் நான்தான். அவளுக்கு அது தெரியாது.

குளத்தைப் பார்த்தேன். லிங்கம் சார் சொன்னது சொன்னபடியே இருந்தது. தண்ணீரின் நடுவில் வாத்துகள் தலைகுப்புறக் கிடந்தன. தலை இல்லை, கழுத்து இல்லை. வெளுத்த வயிறும், ஊசி மாதிரி கூர்ந்த வாலும் வானத்தைப் பார்த்து நின்றன. அவற்றுக்கு நடுவே உயிரோடு இருந்தவை நிதானமாக நீந்திக்கொண்டிருந்தன. படம் எடுத்தேன். நல்ல படம், தெளிவான படம். அதை மட்டும் அனுப்பியிருந்தால் மறுநாள் மாவட்டமே நம்பியிருக்கும். அந்தப் படத்தில் பொய் ஒன்றும் கிடையாது.

அடுத்தது எண்ணிக்கை. எத்தனை செத்தது என்று எழுதாமல் போனால் லிங்கம் சாரின் நடை நின்றுவிடும். பைனாகுலரை வைத்து எண்ணினேன். நாற்பதுக்கு மேல் வந்தது. சரிபார்க்க இன்னொரு முறை எண்ணினேன். முப்பதுதான் வந்தது. கண் தவறிவிட்டது என்று நினைத்துக் கோரைப் புதர் ஒன்றை அடையாளம் வைத்து, இடமிருந்து வலமாக, பைய எண்ணினேன். ஐம்பதைத் தொட்டது. நிருபர் வேலையில் சாவு எண்ணிக்கை கூடிக் கேட்டிருக்கிறேன். குறைந்து கேட்டதில்லை.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. வாடைக்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. செத்தது மிதந்தால் காற்றோடு இந்நேரம் நம் காலடிக்கு வந்து ஒதுங்கியிருக்க வேண்டும். கரையில் ஒரு இறகைக்கூடக் காணோம்.

ஒரே ஒரு பிணத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். பைனாகுலரை அதை விட்டு அகற்றவே இல்லை. கண்ணில் நீர் கட்டியது. இமைக்காமல் பார்த்தேன். அந்தப் பிணம் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது. காப்பிக்கொட்டை நிறத்தில் தலை, கழுத்தில் வெள்ளைக் கோடு, வாயில் ஒரு கொத்துப் பாசி. அதை விழுங்கிவிட்டு, அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி குப்புறக் கவிழ்ந்து செத்துப்போனது.

ஊசிவால் வாத்து. ஆழமில்லாத தண்ணீரில் இப்படித்தான் அது மேயும். முன்பாதியைத் தண்ணீருக்குள் விட்டுத் தரையைத் துழாவும்போது வால் மட்டும் வெளியே நிற்கும். ஒன்று தலையைத் தூக்கும் நேரத்தில் இன்னொன்று கவிழும். கூட்டமாக மேய்ந்தால் எந்த நேரமும் பாதி செத்திருக்கும். எனக்கு இது தெரியாததல்ல. எத்தனையோ குளத்தில் பார்த்திருக்கிறேன், 'வந்தவர்கள்' கட்டத்தில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் லிங்கம் சார் பார்த்தேன் என்று சொன்னதும் என் கண்ணும் அவர் சொன்னதையே பார்க்க ஆரம்பித்துவிட்டது.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, ஊரே உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கி, நீங்க சிரிக்கீங்க" என்றார் தலைவர்.

"தலைவரே, செத்தது எந்திரிக்குது. இந்தாங்க, நீங்களே பாருங்க."

அவர் பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்த நேரம், ஒன்று விடாமல் எல்லாம் சேர்ந்து கவிழ்ந்து தொலைத்தன. "எல்லாம் செத்துல்லா கெடக்கு" என்றார். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று தோளைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வாய் திறந்துகொண்டது. "யம்மா, தூக்கிட்டு" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் விவரமான ஆள். "நாலஞ்சு தூக்குது, சரி. மத்தது செத்ததா இருக்கும்லா? உங்க பெரியவரே பாத்துட்டுச் சொல்லிருக்காரு. ஊரு அவரு சொன்னதைத்தான் நம்பி நிக்கி. அவரே வந்து இல்லைன்னு சொல்லட்டும், வெடியைக் கீழ வைக்கேன். இல்லைன்னா பொழுது சாய வெடிதான்" என்றார்.

ஆக, லிங்கம் சாரிடம் சொல்லியாக வேண்டும். அவர் கண்ணால் பார்த்ததைத் தப்பு என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் எங்கள் ஆபீஸில் யாரும் செய்யாத காரியம். இசக்கியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பரைப் போட்டேன்.

"சார், நல்லான்குளத்துல நிக்கேன். வாத்து ஒண்ணும் சாகலை சார். மேயுது."

"என்னவே சொல்லுதீரு? என் கண்ணால பாத்தேங்கேன்."

"பஸ் நின்னுதா சார்?"

"அங்கன எதுக்கு நிக்கும்? ஸ்டாப்பே கெடையாதுல்லா."

"அப்ப எவ்வளவு நேரம் பாத்தீங்க சார்?"

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"வச்சிரும்வே" என்றார்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மாடசாமி மூங்கில் குச்சிகளைப் பிடுங்கி வலையைச் சுருட்ட ஆரம்பித்தான். வெயில் பனைமரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தலைவர் பையைப் பிரித்துச் சரவெடிகளை எடுத்துக் கரையில் வரிசையாக வைத்தார்.

ராதாபுரத்திலிருந்து திருநெல்வேலி போகிற பஸ் வந்தது. ஸ்டாப் இல்லாத இடத்தில் நின்றது. பட்டுக்கரை வேட்டியும் நெற்றியில் சந்தனமும் கையில் தாம்பூலப் பையுமாக லிங்கம் சார் இறங்கினார். கண்டக்டர் என்னவோ முணுமுணுத்தார். அதை அவர் காதில் வாங்கவில்லை. நேராக வந்து கையை நீட்டினார். பைனாகுலரைக் கொடுத்தேன்.

ஆபீஸில் ஓரிடத்தில் நிற்காத மனிதர், அன்று அசையாமல் நின்றார். ஜனங்களும் அவரையே பார்த்தார்கள். என்னைப் போலவே அவரும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார், அது தலையைத் தூக்கியதும் அடுத்ததற்குப் போனார் என்பது பைனாகுலர் நகர்ந்த விதத்தில் தெரிந்தது. குளத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார். நானாக இருந்தால் நாலைந்தோடு விட்டிருப்பேன்.

பைனாகுலரை இறக்கிவிட்டு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். பந்தி முழுக்கக் கேட்ட அதே கணீர்க் குரல்.

"நான்தான் சரியாப் பாக்கலை. ஓடுத பஸ்ஸுலருந்து பாத்துட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். எல்லாம் உசிரோட இருக்கு. ஒண்ணுகூடச் சாகலை. வெடியை எடுத்து உள்ள வைங்க. இந்தப் புள்ளைகளை எங்கயும் போகச் சொல்லாதீங்க."

பிறகு போனை எடுத்து ஆபீஸுக்கு இரண்டே வார்த்தை: "அதை எடுத்திருங்க."

துண்டுகள் எல்லாம் மூக்கிலிருந்து இறங்கின. பைனாகுலருக்கு வரிசை நின்றது. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி அடுத்தவரிடம் கொடுத்தார்கள். இசக்கியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி உட்கார்ந்திருந்தாள். மாடசாமி சுருட்டிய வலையைத் திரும்ப விரித்தான். தலைவருக்கு மட்டும் வெடியை என்ன செய்வது என்று கவலை. திருக்கார்த்திகைக்குக் கோயிலில் போட்டுக்கொள்ளலாம் என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. மாடசாமியிடம் கேட்டேன். "ஏம்ப்பா, உன் வாத்தும் தண்ணியில இப்படித்தானே கவுந்து மேயும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி" என்றான். "நெதம் பாக்கேன். ஆனா பேப்பர்க்காரரே செத்துட்டுன்னு சொல்லிட்டாரு பாத்தீங்களா, எனக்கே என் வாத்து மேல சந்தேகம் வந்துட்டு."

லிங்கம் சார் அதைக் கேட்டுவிட்டார். என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து திருநெல்வேலிக்குக் கிளம்பினார். மூன்றடைப்பு தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் வயிறு குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறார். "என் வாத்து மேலயே சந்தேகம் வந்துட்டுங்கான்வே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஸ்கூட்டர் ஆடிய ஆட்டத்தில் நான் ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே நின்றுதான் சொன்னார்: "நீரு போன் பண்ணலன்னா அந்தப் புள்ளைகளை நான் தெருவுல நிறுத்திருப்பேன். நல்ல வேளை கேட்டீரு."

மறுநாள் என் கட்டத்தில் அவரே எழுதிய ஒரு வரி வந்தது: 'நல்லான்குளத்துக்கு ஊசிவால் வாத்துகள் வந்துள்ளன. அனைத்தும் நலம்.' காதர் பாய் அதை வெட்டிக் கடையில் ஒட்டி வைத்து, வாத்து முட்டை வாங்க வருகிறவர்களிடம் வாசித்துக் காட்டினார்.

அன்றிலிருந்து அவருடைய கேள்விகள் நான்காயின. நடை நின்றால், "எங்கன? எப்ப? நீரு பாத்தீரா? எவ்வளவு நேரம் பாத்தீரு?" நான்காவதை எங்கே கற்றார் என்பதை யாரிடமும் அவர் மறைத்ததில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவரே உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்வார். சொல்லும்போது வாத்து மாதிரி மேஜை மேல் கவிழ்ந்தும் காட்டுவார். எழுத்துக்காக நான் வாங்கிய எந்தப் பாராட்டும் எனக்கு இந்த அளவு இனித்ததில்லை.

ரஹ்மத், நீ கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான் அம்மா. மூன்று காலுள்ள பூநாரையைப் பிடிப்பது சுலபம். உண்மையான படம் ஒன்று வந்து, அதில் வாத்து குப்புறக் கிடந்தால்தான் கஷ்டம். அப்போது குளத்துக்கே போக வேண்டும், போய் நிற்க வேண்டும்.

லிங்கம் சாரும் நானும் இப்போதும் வருஷம் ஒருமுறை கார்த்திகையில் நல்லான்குளத்துக்குப் போகிறோம். இந்த வருஷம் மழை குறைவில்லை. போன வாரம் போனோம். மாடசாமியும் இசக்கியம்மாளும் வந்திருந்தார்கள். அவர்களுடைய வாத்துகளும் வந்தவையும் ஒரே தண்ணீரில் கலந்து மேய்ந்துகொண்டிருந்தன. இசக்கியம்மாள் எங்களுக்கு முட்டை அவித்து வைத்திருந்தாள்.

லிங்கம் சாருக்கு ஒரு கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். இன்னொரு கண்ணும் மங்கல்தான். பைனாகுலரை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைவே. நீரு பாத்துச் சொல்லும்."

கோரைப் புதருக்குப் பக்கத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணு இருக்கு சார். வால் மட்டும் தெரியுது."

"தூக்கிட்டா?"

"இன்னும் இல்ல."

அவர் முட்டையை உரித்துக்கொண்டே காத்திருந்தார். "இப்ப?"

"இல்ல சார். உள்ளேயேதான் இருக்கு."

ராதாபுரம் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் குளத்தைப் பார்த்தார்கள். பார்த்து முடிப்பதற்குள் பஸ் பனைமரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. லிங்கம் சார் அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

"பைய தூக்கட்டும்வே" என்றார். "நாம என்ன பஸ்ஸுலயா போறோம்?"